நெட்வொர்க் பிரிண்டர் செட்டிங்ஸ கமாண்ட் லைன்லயே மாத்த வழி இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். வேற ஊர் ஆபீஸ்ல இருக்கற பிரிண்டர்கள இங்கிருந்தே செட் பண்ணனும், அங்க உள்ள லினக்ஸ் சர்வருக்கு எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்தே கமாண்ட் குடுக்கற வழி) மட்டும்தான் இருக்கு. அது வழியா டன்னல் போட்டு பிரிண்டரோட வெப் பேஜ தொறக்கலாம்தான், ஆனா ஒவ்வொண்ணா கிளிக் பண்றது இத்தன பிரிண்டருக்கு சரிப்படாது, ஸ்கிரிப்ட்டா வேணும்.

நெட்கேட் (நெட்வொர்க்ல நேரா டேட்டா அனுப்பற டூல்) வெச்சு பிரிண்டரோட 9100 போர்ட்டுக்கு பிஜேஎல்ல (பிரிண்டருக்கான கமாண்ட் மொழி) 'இன்ஃபோ வேரியபிள்ஸ்' அனுப்புனா செட்டிங்ஸ் லிஸ்ட் முழுசா அழகா வருது. 'செட்' குடுத்தா அந்த ஒரு ஜாபோட போயிடும்னு தெரியும், அதனால நிரந்தரமா நிக்கற 'டிஃபால்ட்' போட்டு டூப்ளெக்ஸ (ரெண்டு பக்க பிரிண்ட்) ஆன் பண்ணேன், அந்த டிஃபால்ட் மதிப்ப காட்டற 'டிஇன்க்வயர்'ல கேட்டா இன்னும் ஆஃப்னே சொல்லுது, எரரும் வரல. பேனல் லாக் (செட்டிங்ஸ மாத்த விடாத பூட்டு) இருந்தா இப்படி கம்முனு விட்டுடுமா?

எஸ்என்எம்பிலயும் (நெட்வொர்க் கருவிகள தூரத்துல இருந்து பாக்க, மாத்த உதவற முறை) இதே கததான், 161 போர்ட்ல ரீட் வருது, லொகேஷன் பேர மாத்தப் போனா 'நோ ஆக்சஸ்'. ரைட்டுக்கு தனி கம்யூனிட்டி பேர் (பாஸ்வேர்ட் மாதிரி) வெச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன், வெப் பேஜ் போகாம அத செட் பண்ண முடியுமா? எஸ்என்எம்பி வெர்ஷன் 2ல அந்தப் பேர் என்கிரிப்ட் ஆகாம போறதால முடிஞ்சா வெர்ஷன் 3க்கே மாறிடலாம்னு ஆசை.

இத நெஜமா செஞ்சு பாத்தவங்க யாராவது இருந்தா கமாண்டோட சொல்லுங்க ப்ளீஸ்.