ஃப்ராக் பண்ணிய (அழுத்தத் திரவத்தால் பாறையைப் பிளந்த) எண்ணெய்க் கிணற்றில் புராப்பன்ட் (பிளவு மூடாமல் தாங்கும் மணிகள்) திரும்பி வருகிறது, உதவி தேவை
குஜராத், கம்பாத் படுகை. பழைய கிணறு, மணற்பாறை, ஆழம் 1,400 மீட்டர், சக்கர் ராட் பம்ப் (மேலிருந்து கம்பியால் இயக்குவது). ஜனவரியில் ஃப்ராக் பண்ணினோம். தினம் 3 கன மீட்டராக இருந்த எண்ணெய் 11-க்கு ஏறியது. ஆறே வாரம்தான், இப்போது 4. தண்ணீர் 60 சதவீதத்திலேயே நிற்கிறது, அதனால் பிளவு நீர் அடுக்குக்குள் போனதாகத் தோன்றவில்லை.

பம்ப் மூன்று முறை இறுகிவிட்டது. வெளியே எடுத்தால் வால்வில் கசகசா மாதிரி மணிகள். நாங்கள் ஏற்றிய 20/40 சல்லடை அளவு செராமிக் புராப்பன்ட்தான். பாறை மணல் இத்தனை உருண்டையாக இருக்காது.

காயில்டு டியூபிங்கில் (சுருளிலிருந்து கிணற்றுக்குள் இறக்கும் நீளக் குழாய்) இரண்டு முறை கழுவியாயிற்று. பம்பின் ஸ்ட்ரோக்கை நிமிடத்துக்கு 6-லிருந்து 4 ஆக்கினோம். பம்பையும் மாற்றியாயிற்று (மேலதிகாரிக்கு அதன் மேல்தான் சந்தேகம்).

இந்த மாதிரிக் கிணற்றில் ரெசின் பூசிய (மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்) புராப்பன்ட் போட்டு மறுபடி ஃப்ராக் பண்ணியவர்களுக்கு மணி வருவது நின்றதா?