கீட்டோன் பானம்: சைக்கிள் ஓட்டுபவருக்கு உதவுமா?

செந்தில்:
கீட்டோன் (மாவுச்சத்து குறையும்போது உடம்பு கொழுப்பிலிருந்து தயாரிக்கும் எரிபொருள்) கலந்த பானத்தை வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை என்று நேற்று மீனாட்சி அக்கா எழுதியிருந்தார். என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டூர் டி பிரான்ஸ் ஓட்டிய ஜம்போ விஸ்மா அணி 2019இலேயே கீட்டோன் குடிப்பதாக வெளிப்படையாகச் சொன்னது. 2016இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில், மாவுச்சத்தோடு கீட்டோன் எஸ்டரும் (கீட்டோனை ஆல்கஹால் வகைப் பொருளோடு இணைத்த திரவம்) குடித்தவர்கள் அரை மணி நேர ஓட்டத்தில் சுமார் 2% கூடுதல் தூரம் போனார்கள். அடுத்த மாதம் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) இருக்கிறது, நானும் குடிக்கப் போகிறேன்.

மீனாட்சி:
தம்பி, அந்தச் சோதனையில் ஓட்டியவர்கள் எட்டே பேர். எஸ்டரை உருவாக்கியவர்களே ஆய்வையும் செய்தார்கள். மறு வருடம் ஆஸ்திரேலியாவில் தொழில்முறை வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது 2% மெதுவாகத்தான் ஓட்டினார்கள். வயிற்றைப் புரட்டியது வேறு.

செந்தில்:
அது வேறு வகை எஸ்டர் அக்கா. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அப்புறம், 2019இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் மூன்று வாரம் கடும் பயிற்சி கொடுத்தார்களே? பயிற்சி முடிந்ததும், தூங்கப் போகும் முன்பும் கீட்டோன் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிகப் பயிற்சியைத் தாங்கினார்கள்.

மீனாட்சி:
சரி, வேறு எஸ்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வாங்கியிருப்பது எஸ்டரே இல்லை. நீங்கள் போட்ட படத்தில் தெரியும் டப்பா கீட்டோன் உப்புப் பொடி, அதாவது கீட்டோனை சோடியம் போன்ற தாதுக்களோடு சேர்த்தது. எஸ்டர் குடித்தால் ரத்தத்தில் கீட்டோன் அளவு லிட்டருக்கு 3 மில்லிமோல் வரை ஏறும். உப்புப் பொடியில் பெரும்பாலும் 1ஐத் தொடுவதே கஷ்டம். ஆக்ஸ்ஃபோர்டு முடிவைக் காட்டி இந்தப் பொடியை விற்கிறார்கள். என் கோபமெல்லாம் அதன்மேல்தான்.

பாலு:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு டைப் 1 சர்க்கரை. எங்களைப் போன்றவர்களுக்கு இன்சுலின் குறைந்தால் உடம்பே கீட்டோனை அளவு மீறிச் சுரந்து ரத்தத்தை அமிலமாக்கிவிடும். அப்படி ஒருமுறை ஐசியுவில் கிடந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு எங்களில் யாரும் டாக்டரைக் கேட்காமல் வாங்கிவிட வேண்டாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கவனியுங்கள், இந்த உப்புப் பொடிகள் பலவற்றில் சோடியம் அதிகம்.

செந்தில்:
பாலு அண்ணா, நல்லவேளை சொன்னீர்கள். உடம்பு இளைக்கும் என்று அப்பாவும் தினம் காலையில் இதைக் கலக்கிக் குடிக்கிறார். அவருக்குப் பிரஷர் உண்டு. இப்போதே போன் செய்து நிறுத்தச் சொல்கிறேன்.
அக்கா, பிரெவேக்குப் பொடி வேண்டாம், சரி. ஆனால் லூவன் ஆய்வுக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.