டிக்ஷனரியை எக்ஸ்எம்எல் ஆக்கினால் எரர், லிஸ்ட் ஆக்கினால் வெறுங்கோப்பு (சீ ஷார்ப்)

நெல்மூடை (அக்கரைப்பற்று)

வணக்கம். நெல் களஞ்சியத்துக்கு இருப்புக் கணக்கு புரோகிராம், டொட் நெட் 8. நெல்லினம் கீ, கிலோ வேல்யூ என்று சோடி சோடியாக ஒரு டிக்ஷனரியில் இருக்கு: ‘ஏடி 362’ என்றால் 1840.5, ‘பிஜி 358’ என்றால் 960. இந்த டிக்ஷனரியை எக்ஸ்எம்எல் (டெக் போட்டுத் தரவு எழுதுகிற) கோப்பாக எழுதி இன்னொரு மெஷினில் திரும்ப வாசிக்க வேணும்.

ஒப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல் ஆக்கித் தருகிற எக்ஸ்எம்எல்சீரியலைசரிடம் கொடுத்தால் எழுதத் தொடங்க முதலே, அதை உருவாக்குகிற கொன்ஸ்ட்ரக்டரிலேயே நொட்சப்போர்ட்டட் எக்செப்ஷன் (ஆதரவில்லை என்ற எரர்). ஒவ்வொரு சோடியையும் கீவேல்யூபெயாராக்கி லிஸ்டாக மாற்றினால் எரர் இல்லை. ஆனால் கோப்பில் வெறும் டெக் மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை. எங்கே பிழை?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது: ஐடிக்ஷனரி இன்டர்ஃபேஸ் உள்ள டைப்பை எக்ஸ்எம்எல்சீரியலைசர் ஏற்காது, ஐஎக்ஸ்எம்எல்சீரியலைசபிள் மூலம் அந்த டைப்பே தன்னை எழுதி வாசித்தால் தவிர. டைப்பைப் பரிசோதிக்கிற வேலை கொன்ஸ்ட்ரக்டரில் நடக்குது, அதனால்தான் அங்கேயே விழுது. டிக்ஷனரி வேறொரு கிளாஸின் புரொப்பர்ட்டியாக இருந்தால் மேலே தெரியிறது ‘ரிஃப்ளெக்ட் பண்ண முடியவில்லை’ என்ற பொதுவான எரர்தான். இன்னர் எக்செப்ஷனைத் திறந்தால்தான் உண்மைக் காரணம் தெரியும்.

இரண்டாவது: அந்த சீரியலைசர் எழுதவும் வாசிக்கவும் முடிகிற பப்ளிக் புரொப்பர்ட்டிகளை மட்டும் எடுக்கும். கீவேல்யூபெயாரில் கீயும் வேல்யூவும் வாசிக்க மட்டும்தான். சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போகும். எரர் வராத இந்தப் பிழைதான் மோசம். வாசிக்கிற பக்கத்தில்தான் கணக்கு வெறுமையென்று தெரியவரும்.

உங்கள் தேவைக்கு சீரியலைசரே வேண்டாம். எலிமென்ட்களை நாமே கட்டி எழுதுகிற லிங்க் டு எக்ஸ்எம்எல் போதும். வேர் எலிமென்ட் ஒன்று, டிக்ஷனரியின் ஒவ்வொரு சோடிக்கும் செலெக்ட் வழியாக ஒரு எக்ஸ்எலிமென்ட், கீயை எக்ஸ்அட்ரிபியூட்டாக வையுங்கள். விளைவு இப்படி வரும்:

<இருப்பு>
  <நெல் இனம்="ஏடி 362">1840.5</நெல்>
  <நெல் இனம்="பிஜி 358">960</நெல்>
</இருப்பு>

டெக் பெயர் தமிழில் இருக்கலாம், எக்ஸ்எம்எல் விதியில் தடையில்லை. ஆனால் கீயையே டெக் பெயராக்க வேண்டாம். ‘ஏடி 362’இல் இடைவெளி இருக்கு, ‘94-1’ என்று எழுதினால் இலக்கத்தில் தொடங்குது. இரண்டும் எக்ஸ்எம்எல் எக்செப்ஷனில் முடியும். எக்ஸ்எம்எல்கொன்வேர்ட்டின் என்கோட்லோக்கல்நேம் காப்பாற்றும்தான், ஆனால் இடைவெளி இருந்த இடத்தில் ஹெக்ஸ் (பதினாறை அடியாகக் கொண்ட எண்) குறியீடு ஒன்று வந்து குந்தும், வாசிக்கும்போது டிகோட் பண்ண மறக்கவும் கூடாது.

கிலோ எண்ணான டெசிமலை நீங்களே ஸ்ட்ரிங் ஆக்காமல் அப்படியே எலிமென்டுக்குள் கொடுங்கள், 1840.5 என்றே எழுதும். அழகுக்காக 1,840.50 என்று ஃபோர்மட் பண்ணி எழுதினால், திரும்ப டெசிமலாக காஸ்ட் பண்ணும்போது அந்தக் கமாவில் ஃபோர்மட் எக்செப்ஷன் வரும்.

எருமைத்தயிர் (சம்மாந்துறை)

மேலே சொன்னது சரி. இந்த டிக்ஷனரி பெரிய கிளாஸ் ஒன்றுக்குள் இருந்து, முழுக் கிளாஸையும் ஒரேயடியாக எழுத வேணுமென்றால் டேட்டாகொன்ட்ராக்ட்சீரியலைசர் டிக்ஷனரியை நேரடியாக ஏற்கும். டெக் பெயர்தான் ‘அரே ஒஃப் கீ வேல்யூ ஒஃப்’ என்று வால் நீண்டு வரும். டிக்ஷனரியிலிருந்து ஒரு கிளாஸை இன்ஹெரிட் பண்ணி, கலெக்ஷன்டேட்டாகொன்ட்ராக்ட் அட்ரிபியூட்டில் ஐட்டம்நேம், கீநேம், வேல்யூநேம் மூன்றையும் கொடுத்தால் உங்கள் பெயர்களே வரும்.

இணையத்தில் சுற்றித் திரிகிற ‘சீரியலைசபிள் டிக்ஷனரி’ கோட் துண்டை எடுக்கிறதென்றால், அதில் வாசிக்கிற மெதட்டான ரீட்எக்ஸ்எம்எல்லைக் கவனியுங்கள். வெற்று டிக்ஷனரி வந்தால் உள்ளே நகர முதல் இஸ்எம்ப்டிஎலிமென்ட் (எலிமென்ட் வெறுமையா என்று) பார்க்க வேணும். கடைசியில் தன் மூடும் டெக்கையும் வாசித்துவிட வேணும். அதை விட்டால், கிளாஸில் அதற்குப் பிறகு வருகிற புரொப்பர்ட்டிகள் நிரம்பாமல் போகும்.

நெல்மூடை

எக்ஸ்எலிமென்ட் வழி வேலை செய்யுது, நன்றி. இரண்டு சிக்கல் மிச்சம். எக்ஸ்டொக்கியூமென்டை ஸ்ட்ரிங்ரைட்டருக்கு சேவ் பண்ணி, அந்த ஸ்ட்ரிங்கை ஃபைல் ரைட்ஓல்டெக்ஸ்ட்டால் எழுதினேன். மற்ற மெஷின் ‘யூனிகோட் பைட் ஓர்டர் மார்க் இல்லை’ என்று வாசிக்க மறுக்குது.

அடுத்தது, களஞ்சியம் உள்ள ஊரையும் கீயாகச் சேர்த்தேன். இப்படி எழுதின இரண்டு கோப்பை ஒன்றாக்கினால் கொக்கட்டிச்சோலை இரண்டு தரம் நிற்குது. எழுத்து அச்சொட்டாக ஒன்றுதான்.

வாவிக்கரை

ஸ்ட்ரிங்ரைட்டர் தன் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-16 என்றுதான் சொல்லும், எக்ஸ்எம்எல்லின் தலைவரியிலும் அதையே எழுதும். ரைட்ஓல்டெக்ஸ்ட் எழுதுறது யூடிஎஃப்-8. தலைவரி ஒன்று சொல்ல, உள்ளே பைட் வேறாக இருக்கு. இடையில் ஸ்ட்ரிங் எதற்கு? கோப்பின் பாதையைக் கொடுத்து எக்ஸ்டொக்கியூமென்டின் சேவ் மெதட்டை நேரே கூப்பிடுங்கள், யூடிஎஃப்-8இல் சரியாக விழும்.

ஊர்ப்பெயர் யூனிகோட் சிக்கல். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். ‘சோ’வும் அப்படித்தான். கண்ணுக்கு ஒன்று, டிக்ஷனரிக்கு இரண்டு. லெங்த் பாருங்கள்: ஒரு கீயில் 15, மற்றதில் 17 வரும். கீயை உள்ளே போட முதல் நோர்மலைஸ் மெதட்டை ஃபோர்ம்சீயுடன் (பிரிந்த குறிகளை ஒன்றாக்குகிற வடிவம்) கூப்பிட்டால் இரண்டும் 15 ஆகும். எழுதும்போதும் வாசிக்கும்போதும் செய்யுங்கள். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருந்தால் மட்டும் இது திருத்தாது, அது வேறு எழுத்து.

எருமைத்தயிர்

ஒன்று கவனம், தம்பி. நோர்மலைஸ் பண்ணின பிறகு இரண்டு கோப்பிலும் ஒரே கீ வரும். அப்போது சோடிகளை டிக்ஷனரி ஆக்குகிற டுடிக்ஷனரி மெதட் ஆர்கியூமென்ட் எக்செப்ஷன் எறியும். ‘குரூப் பை’ பண்ணி ஒரே கீயின் கிலோக்களைக் கூட்டலாம்தான், ஆனால் இரண்டாவது கோப்பு அதே களஞ்சியத்தின் புதிய இருப்பென்றால் கூட்டினால் நெல் இரட்டிப்பாகக் காட்டும். அப்படியென்றால் பிந்தியதை மேலெழுத வேணும். எது பிந்தியது என்று தெரிய, வேர் எலிமென்டில் திகதியை ஒரு அட்ரிபியூட்டாக இப்போதே சேர்த்துவிடுங்கள்.