வக்கீல் ஆபீஸில் ரான்சம்வேர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குமாஸ்தா, மதுரை

எங்கள் சீனியரிடம் பெரும்பாலும் சிவில், குடும்பநல வழக்குகள்தான். கொஞ்சம் போக்சோவும் உண்டு. ஒரு திங்கட்கிழமை காலையில் டைப்பிஸ்ட் அக்கா, "தம்பி, ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது, வந்து பாரு" என்று கூப்பிட்டார். பிராது, அஃபிடவிட், எதிருரை என்று எல்லா ஃபைல் பெயருக்கும் பின்னால் புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் அதே நோட்பேட் கடிதம்: பிட்காயின் அனுப்பு, இல்லையென்றால் கட்சிக்காரர்களின் ஆவணங்களை வெளியிடுவோம். இப்படி ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸைத்தான் ரான்சம்வேர் என்கிறார்கள்.

பேக்கப் இருக்கிறது என்ற தைரியம் கொஞ்ச நேரம்தான் நின்றது. அந்த ஹார்டுடிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகியே இருக்கும். அதிலிருந்தவையும் பூட்டப்பட்டுவிட்டன.

சீனியர் பணம் கட்ட மறுத்துவிட்டார். "கட்டினாலும் அவன் கையில் இருக்கும் நகலை அழிப்பான் என்பதற்கு யார் ஜாமீன்?" என்று கேட்டார். சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு, வாய்தா நெருங்கிய வழக்குகளை முதலில் எடுத்தோம். பீரோவில் இருந்த கேஸ் கட்டுகள், இ-ஃபைலிங்கில் ஏற்றியிருந்த பிரதிகள், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு மெயிலில் அனுப்பிய பிடிஎஃப்கள் என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தோம். மீதியை அக்காவும் ஜூனியர்களும் உட்கார்ந்து மறுபடி டைப் அடித்தார்கள்.

அந்த வேலையைவிட என்னைத் தூங்க விடாதது போக்சோ ஃபைல்கள்தான். அந்தக் குழந்தைகளின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. எங்களை நம்பித்தான் பெற்றோர் எல்லாவற்றையும் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் பராமரிப்பு, சென்னை

அண்ணன் சொன்ன மாதிரி சொருகியே கிடக்கும் ஹார்டுடிஸ்கை நான் பல சேம்பர்களில் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதியாக ரிமோட் டெஸ்க்டாப்பை (தூரத்திலிருந்தே ஆபீஸ் கம்ப்யூட்டரை இயக்கும் வசதி) நேரடியாக இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட்டு, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு வைத்திருப்பதும் அதே அளவு ஆபத்து. தயவுசெய்து அதை இன்றைக்கே மூடுங்கள். மெயிலுக்கும் ரிமோட் லாகினுக்கும் ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்.

இங்கிலாந்தில் கிரிமினல் வழக்குகள் நடத்தும் டக்கர்ஸ் சொலிசிட்டர்ஸ் என்ற வக்கீல் நிறுவனம் 2020 ஆகஸ்டில் ரான்சம்வேரில் சிக்கியது. 9,72,191 கோப்புகள் பூட்டப்பட்டன. அவற்றில் 24,712 கோர்ட் கட்டுகள் சம்பந்தப்பட்டவை. 60 கட்டுகளைத் திருடி, இணையத்தின் மறைவான பகுதியான டார்க் வெப்பில் போட்டார்கள். 2022-இல் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அந்த நிறுவனத்துக்கு 98,000 பவுண்டு அபராதம் விதித்தார். ரிமோட் லாகினுக்கு இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 2020 ஜனவரியில் வந்த ஒரு முக்கியமான அப்டேட்டை ஜூனில்தான் போட்டிருந்தார்கள். பழைய கட்டுகள் இருந்த சர்வரில் என்கிரிப்ஷனும் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி ஃபைலை மாற்றிவைப்பது) இல்லை.

எனக்கு அந்தக் கடைசிக் குறைதான் பெரிதாகப் படுகிறது. முடிந்துபோன வழக்கைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பத்து வருடத்துக்கு முந்தைய விவாகரத்து மனுவும் மருத்துவ அறிக்கையும் பொது ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். நடப்பு வழக்குக்குத் தேவையில்லாத எதையும் தினமும் புழங்கும் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். அங்கே இல்லாததை அவன் அங்கிருந்து திருட முடியாது.

இன்னொன்று: இந்தியாவில் நிறுவனங்கள் இப்படிப்பட்ட தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு வந்திருக்கிறது.

ஜூனியர் அட்வகேட், கோவை

எங்கள் ஆபீஸில் இரண்டு ஹார்டுடிஸ்க். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றில் நகல் எடுத்ததும் கழற்றி சார் வீட்டுக்குப் போய்விடும், அடுத்த வாரம் மற்றது. மாதம் ஒருமுறை நான் வேறு லேப்டாப்பில் அதைச் சொருகி, கைக்கு வந்த ஒரு கட்டை வக்காலத்திலிருந்து கடைசி மெமோ வரை திறந்து பார்ப்பேன். ஒருமுறை ஸ்கேன் செய்த ஆவணங்கள் இருந்த ஃபோல்டர் மட்டும் நகலாகாமல் விட்டுப்போயிருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

குமாஸ்தா அண்ணா, போக்சோ ஃபைல்களை இப்போது எங்கே வைக்கிறீர்கள்?

குமாஸ்தா, மதுரை

தனி லேப்டாப் தம்பி, நெட் இணைப்பே கிடையாது. டிஸ்க் முழுக்க என்கிரிப்ட் செய்தது. பாஸ்வேர்டு சீனியருக்கும் அந்த வழக்கைப் பார்க்கும் ஜூனியருக்கும் மட்டும்தான் தெரியும், எனக்கே தெரியாது. பிரிண்ட் எடுக்கத் தனியாக ஒரு பழைய பிரிண்டரைக் கேபிளில் மாட்டி வைத்திருக்கிறோம்.