டிபிஐ காட்டிய பெயரும் பாக்கெட்டில் இருந்ததும்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

விடுதி நெட்வொர்க் பார்ப்பவர்

கல்லூரி விடுதி நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரவு ஒன்பது மணிக்கு மேல் இணையம் படுத்துவிடுகிறது என்று ஓயாத புகார். பசங்க டோரன்ட் போடுகிறார்கள், அதை பிளாக் பண்ணு என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஸ்விட்சில் அப்லிங்கை (வெளியே போகும் இணைப்பை) மிரர் செய்து, அதாவது அதன் போக்குவரத்தை நகலெடுத்து, என்டாப்பிஎன்ஜி என்ற கண்காணிப்பு மென்பொருளை ஓட்டினேன். பாக்கெட் எனும் தரவுத் துண்டுகளின் உள்ளே பார்த்து அது எந்த வகை என்று சொல்வதை டிபிஐ என்பார்கள். என்டாப்பிஎன்ஜிக்குள் அதைச் செய்து நெறிமுறைகளை (கணினிகள் பேசிக்கொள்ளும் முறைகளை) அடையாளம் காண்பது என்டிபிஐ. ஜெர்மனியின் ஐபோக் நிறுவனம் வெளியிட்ட ஓப்பன்டிபிஐயை எடுத்து, இத்தாலியின் என்டாப் குழு வளர்த்தெடுத்த திறமூல நூலகம் அது.

டோரன்ட்டின் நெறிமுறையான பிட்டோரன்ட்டைப் பிடிப்பது எளிது. இரு கணினிகள் பேசத் தொடங்கும்போது முதல் பைட்டின் மதிப்பு 19. அடுத்த 19 எழுத்துகளில் 'பிட்டோரன்ட் புரோட்டோகால்' என்று பச்சையாகவே எழுதியிருக்கும். மறையாக்கம் போட்ட கிளையன்ட்டில் இந்த வரி கிடைக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். டோரன்ட் கொஞ்சம் இருந்தது. ஆனால் குழாயை நிரப்பியது யுடிபி 443-ஆம் போர்ட்டில் போன குவிக் (பிரவுசர்கள் தளங்களோடு பேசும் ஒரு நெறிமுறை), அதிலும் பெரும்பகுதி வீடியோ.

குவிக்கில் எல்லாமே மறையாக்கப்பட்டது, வெளியிலிருந்து எதுவும் தெரியாது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதல் பாக்கெட் அப்படியில்லை. அதன் சாவி இரண்டு பொருள்களிலிருந்து வருகிறது: அந்தப் பாக்கெட்டிலேயே திறந்து கிடக்கும் கனெக்‌ஷன் ஐடி, ஆர்எஃப்சி 9001 என்ற தர ஆவணத்தில் அச்சாகியிருக்கும் சால்ட் (எல்லோருக்கும் பொதுவான ஒரு மாறாத மதிப்பு). வழியில் இருக்கும் யாரும் அந்தச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். என்டிபிஐ அதைக் கணக்கிட்டு, உள்ளே இருக்கும் கிளையன்ட் ஹலோ என்ற தொடக்கச் செய்தியிலிருந்து தளத்தின் பெயரைப் படித்துவிடுகிறது. முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய வியப்பு.

கடைசியில் எதையும் பிளாக் செய்யவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று அலைவரிசையைப் பிரித்தோம், புகார் அடங்கியது. உங்கள் இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

அலுவலக ஐடி

எங்கள் இடத்தில் ஒருவர் பிளாக் செய்தே விட்டார். வாட்ஸ்அப் அழைப்பை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு. ஃபயர்வால் போட்டுத் தந்த ஒப்பந்தக்காரர், அழைப்புகள் தொடங்கப் பயன்படும் ஸ்டன் நெறிமுறையையே மூடிவிட்டுப் போனார். ஸ்டன் தலைப்பு 20 பைட். அதன் ஐந்தாவது பைட்டிலிருந்து 21 12 ஏ4 42 என்ற மாறாத நான்கு பைட் வரும், அதனால் டிபிஐ அதைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளும். சிக்கல் என்னவென்றால், நேட்டுக்குப் பின்னால் (பல கணினிகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் இடத்தில்) இருக்கும் கணினி தன் வெளி முகவரியைத் தெரிந்துகொள்ள, பிரவுசரில் நடக்கும் வீடியோ கூட்டங்களும் இதே ஸ்டன்னைத்தான் நம்பியிருக்கின்றன. மறுநாள் காலை நேர்காணலுக்கு உட்கார்ந்த பெண்ணுக்குக் குரலும் படமும் வரவே இல்லை. பாவம், தன் லேப்டாப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நூற்பாலை மின் பராமரிப்பு

எங்கள் கதை வேறு மாதிரி. ஸ்பின்னிங் பகுதியில் ஈரப்பத செட்பாயிண்ட் (இயந்திரத்துக்குக் குறித்துக் கொடுத்த அளவு) தானாக இறங்குகிறது என்று ஷிஃப்ட் சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஈரப்பதம் இறங்கினால் நூல் அறும், ஆள்களுக்கு இரட்டை வேலை. அதைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி கருவியை மாற்றலாமா என்றுகூடப் பேச்சு வந்தது.

நானும் என்டிபிஐயை ஓட்டிப் பார்த்தேன். பட்டியலில் மாட்பஸ் (ஆலைக் கருவிகள் பேசும் நெறிமுறை) என்று இரண்டு வரி இருந்தது. ஒன்று கன்ட்ரோல் ரூம் கணினி, இருக்க வேண்டியதுதான். இன்னொன்று அலுவலகப் பக்கத்து முகவரி. அந்த முகவரியின் தரவு ஓட்டத்தை மட்டும் பிடித்து, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்தேன். ஃபங்ஷன் கோட் 6, அதாவது ஒரு பதிவேட்டில் எழுது. எழுதிய மதிப்பு 550, எங்கள் கணக்கில் 55.0 சதவீதம். ஸ்டோர் ரூமில் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய கணினியில் பழைய மென்பொருள் பழைய மதிப்பையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. மாட்பஸ்ஸில் கடவுச்சொல் கிடையாது, எழுதச் சொன்னால் பிஎல்சி எழுதிக்கொள்ளும். அலுவலக வீலேனிலிருந்து (தனியாகப் பிரித்த நெட்வொர்க்கிலிருந்து) மாட்பஸ்ஸின் 502-ஆம் போர்ட்டுக்குப் போகும் வழியை அன்றே அடைத்தோம்.

இன்னொருவர்

விடுதி நண்பர் பிளாக் செய்யாதது நல்லது. 2007-இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் இணைய நிறுவனம் பிட்டோரன்ட் இணைப்புகளுக்குள், இணைப்பைத் துண்டிக்கும் போலி ரீசெட் பாக்கெட்டுகளைச் செருகியதைக் கண்டுபிடித்தவர் ராப் டோபோல்ஸ்கி. அவர் பகிர முயன்றவை பழைய பார்பர்ஷாப் குவார்டெட் (நால்வர் சேர்ந்து பாடும்) பாட்டுகள், திருட்டுப் படம் அல்ல. 2008-இல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி அதை நிறுத்தச் சொன்னது. 2010-இல் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. டிபிஐ 'இது டோரன்ட்' என்று சரியாகவே சொல்லியிருக்கும். உள்ளே இருப்பது என்ன என்று அதற்குத் தெரியாது.

புதியவர்

ஒரு சந்தேகம் அண்ணா. எங்கள் பழைய டிபிஐ பெட்டியில் பிரவுசர் அப்டேட்டுக்குப் பிறகு 'தெரியாதது' என்ற பங்கு கூடிக்கொண்டே போகிறது. பெட்டி போய்விட்டதா?

விடுதி நெட்வொர்க் பார்ப்பவர்

பெட்டி நன்றாகத்தான் இருக்கும். குரோம் 2024-இல் குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தை இயல்பாகவே இயக்கிவிட்டது. அதற்கான சாவி மட்டும் 1,200 பைட்டுக்கு மேல், அதனால் கிளையன்ட் ஹலோ ஒரே பாக்கெட்டில் அடங்குவதில்லை. முதல் பாக்கெட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யும் மென்பொருளுக்குத் தளத்தின் பெயர் கிடைக்காமல் போகலாம். பாக்கெட்டுகளைச் சேர்த்துப் படிக்கும் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், என்டிபிஐயோடு வரும் என்டிபிஐரீடரை ஓட்டினால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் காட்டும். உள்ளடக்கத்தைப் பார்த்து வந்ததா, போர்ட் எண்ணை வைத்து ஊகித்ததா என்று அதில் தெரியும். போர்ட்டை வைத்து ஊகித்த வரிகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றை நம்பி ஃபயர்வாலில் எந்த விதியும் போட்டுவிடாதீர்கள். ஒரு மணி நேரப் பிடிப்புக் கோப்பு இருந்தால் போதும், சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.