தோட்டத்து வீட்டை விட்டு மாடிக்குப் போகலாமா?

கிராண்ட்பாஸ் மகள்:
கொழும்பில் சின்னச் சின்ன வீடுகள் நெருங்கிக் கிடக்கிற எங்கள் தோட்டத்தில், அரசாங்கத்தின் மாடி வீட்டுக்குப் பெயர் எடுக்கிறார்கள். அம்மா இங்கே 40 வருஷமாக இருக்கிறார். வீட்டுக்கு உறுதிப் பத்திரம் இல்லை, ஆனால் கரண்ட் பில் அம்மா பெயரில்தான் வருகிறது. கையெழுத்துப் போடலாமா? ஏற்கெனவே போனவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

முகத்துவாரம் அண்ணன்:
யோசிக்காமல் போடுங்கள் தங்கச்சி. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எங்கள் பலகை வீட்டில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர், மகளின் கொப்பிகளை வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தோம். விடியற்காலையில் வாளியோடு பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்பது என்னவென்று வயதுக்கு வந்த பொம்பிளைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் தெரியும். இப்போது குளியலறை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அது போதும்.

மாளிகாவத்தை அக்கா:
தம்பி சொல்வது பொய்யில்லை, ஆனால் அது பாதிக்கதை. நான் பதினோராம் மாடியில் இருக்கிறேன். தோட்டத்தில் வாசலில் அடுப்பை வைத்து இடியப்பம் அவித்து விற்றுத்தான் மூன்று பிள்ளைகளையும் படிக்கவைத்தேன், பதினோராம் மாடிக்கு ஏறி வந்து இடியப்பம் வாங்க யார் வருவார்? 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது லிஃப்டும் இல்லை, கேஸும் இல்லை. விறகு மூட்ட மேலே இடமேது? கீழே இறங்கி மூன்று கல் வைத்துச் சோறாக்கி, சட்டியைத் துணியில் பிடித்துக்கொண்டு மாடிமாடியாக நின்று நின்று ஏறினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. தோட்டத்தில் மூத்தவன் கலியாணம் கட்டியதும் பலகையால் மேலே ஒரு தட்டுப் போட்டுக் கொடுத்தோம். இங்கே 400 சதுர அடிதான், சுவரில் கைவைக்க முடியாது. ஒரு கூரையின் கீழ் இரண்டு குடும்பம் இருந்த பல இடங்களில் ஒரே வீடுதான் கொடுத்தார்கள். அதற்கும் பத்து லட்சம் ரூபாய் தவணையில் கட்டச் சொன்னார்கள். நாங்கள் கட்டிய வீட்டை இடித்துவிட்டு எங்களிடமே காசு கேட்பது எந்த ஊர் நியாயம்?

முகத்துவாரம் அண்ணன்:
அக்கா, தோட்டத்தில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி உள்ளே வராது. அந்தச் சந்தில் சவப்பெட்டியைக்கூட சாய்த்துத்தான் வெளியே கொண்டுபோனோம். என் அப்பாவையே அப்படித்தான் கொண்டுபோனோம். மாதாமாதம் தவணை கட்டுவது கஷ்டந்தான், ஆனால் இடியப்பத்துக்காக என் மகள் இன்னும் அந்தச் சாக்கடைக் கான் ஓரத்தில் படுக்க வேண்டுமா?

மாளிகாவத்தை அக்கா:
கான் ஓரத்தில் படுக்கச் சொல்லவில்லை தம்பி. மாடி ஒன்றுதான் வழியா என்று கேட்கிறேன். 1984இல் அப்போதைய பிரதமர் பிரேமதாசவின் பத்து லட்சம் வீட்டுத் திட்டம் வந்தபோது, இருந்த இடத்திலேயே வீட்டைத் திருத்திக் கட்டிக்கொள்ளக் கடன் கொடுத்தார்கள். கானும் குழாயும் பாதையும் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது? நகரத்தின் நடுவில் இருக்கிற எங்கள் நிலத்துக்கு விலை ஏறிவிட்டது, அதுதான் காரணம்.

கொம்பனித்தெரு தம்பி:
அக்கா சொன்ன நில விஷயம் உண்மைதான். இந்த மாடி வீடுகளைக் கட்டுகிற நகர அபிவிருத்தி அதிகார சபை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது, அந்த வருஷம் மே மாதம்தான் எங்கள் கொம்பனித்தெரு மியூஸ் வீதி வீடுகளை இராணுவத்தை நிறுத்தி இடித்தார்கள். ஆனால் போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், சின்ன வீட்டிலிருந்து போன எத்தனையோ பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். தங்கச்சி, வாய்வார்த்தையை நம்பாதீர்கள். எத்தனையாவது மாடி, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும், உறுதி எப்போது யார் பெயரில் வரும், லிஃப்ட் பழுதானால் யார் பொறுப்பு, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய பில்களையும் வாக்காளர் இடாப்புப் பிரதியையும் பத்திரமாக வையுங்கள். கையெழுத்துப் போடும் படிவம் தமிழில் இல்லையென்றால் தமிழில் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

கிராண்ட்பாஸ் மகள்:
மூன்று பேருக்கும் நன்றி. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணனும் அண்ணியும் குழந்தையும் எங்களோடுதான் மேல்தட்டில் இருக்கிறார்கள், ஆனால் வந்தவர்கள் எங்களை ஒரே குடும்பமாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இரண்டாகத் திருத்தி எழுதச் சொல்லி நாளைக்கே போய்க் கேட்கிறேன். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.