நொறுங்குண்டவர்கள் யார்? சபையும் சமூக நீதிப் போராட்டமும்

வேப்பேரி வாசகன்:
சமூக நீதிக்காக வீதியில் நிற்பது சுவிசேஷப் பணி ஆகாது, அது மார்க்சியம் என்றும், ஜெப ஆலயத்தில் இயேசு வாசித்த வேதப் பகுதியாக லூக்கா 4:18 சொல்லும் "நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கவும்" என்ற வரியின் "நொறுங்குண்டவர்கள்" பாவ உணர்வால் உள்ளம் உடைந்தவர்கள் மட்டுமே என்றும் பெரம்பூர் மூப்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. அதே சொல்லைக் கத்தோலிக்கர் வாசிக்கும் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் "ஒடுக்கப்பட்டோர்" என்றே மொழிபெயர்த்திருக்கிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் பட்டியல் சாதி உரிமைகளின் கதவைத் திறந்த 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதி ஆணை, தலித் கிறிஸ்தவருக்கு இன்றும் திறக்கவில்லை. அந்த உரிமையைக் கேட்டு, ஆணை பிறந்த நாளான ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக்கொடி பிடிப்பவர்களைப் "பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷம் தரித்தவர்கள்", அதாவது உலகத்தின் போக்கில் போகிறவர்கள், என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பெரம்பூர் மூப்பர்:
நாற்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவனுக்கு வசனம் கற்பிக்க வேண்டாம், தம்பி. அதே அதிகாரத்தின் 27-ஆம் வசனத்தில் இயேசு எடுத்துக்காட்டும், குஷ்டம் நீங்கிய நாகமான் யார்? சீரியாவின் படைத்தலைவன், பெரும் செல்வன். அவனை எந்த ஆதிக்கம் ஒடுக்கியது? "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்றவருடைய வாயில் கோரிக்கை முழக்கத்தைத் திணிக்காதீர்கள்.

வேப்பேரி வாசகன்:
நாகமானைச் சொன்ன நீங்கள் அதற்கு முந்தைய வசனத்தின் சாறிபாத் விதவையை ஏன் விட்டுவிட்டீர்கள்? பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயுமே வைத்திருந்தவள் அவள். மேலும், இயேசு வாசித்தது ஏசாயா 61 என்றாலும், நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கும் வரி அந்த அதிகாரத்தில் இல்லை. அது ஏசாயா 58:6-இலிருந்து வருகிறது. அங்கே நுகத்தடியை உடைப்பதுதான் கர்த்தருக்கு உகந்த உபவாசம் என்று எழுதியிருக்கிறது. நுகத்தடி உள்ளத்தில் இருப்பதன்று, ஐயா, கழுத்தில் இருப்பது.

சாந்தோம் சகோதரி:
எங்கள் மொழிபெயர்ப்பில் "ஒடுக்கப்பட்டோர்" என்று தெளிவாக இருப்பதால் எங்களுக்கு இந்தக் குழப்பமே எழவில்லை. பழைய சொற்களைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் உங்கள் சபைகளில் இந்தச் சண்டை ஓயவில்லை.

பெரம்பூர் மூப்பர்:
சொல் தெளிவாக இருந்தும் உங்கள் பங்குகளின் கல்லறைகளில் சாதிச் சுவர் ஏன் நின்றது, சகோதரி? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேப்பேரி வாசகன்:
சுவர் அவர்களிடம் மட்டும் இருக்கவில்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் நம் சபையுடையதுதான். அதற்கு இரண்டு வாசல்கள். என் தந்தையின் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தபோது முன்வாசல் பூட்டியிருந்தது. பின்வாசலின் துருப்பிடித்த கதவு பாதிக்குமேல் திறக்காததால் பெட்டியைச் சாய்த்து நுழைத்தோம். அதன் ஓரம் கல்லில் உரசிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அன்று எனக்குப் பாவ உணர்வு வரவில்லை, மூப்பரே, கோபம்தான் வந்தது. அந்தப் பின்வாசலில் நின்ற நாங்கள் நொறுங்குண்டவர்களா, இல்லையா?

ராயபுரம் இளையவன்:
மூப்பருக்கு ஒரு வரலாற்றுச் செய்தி. சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டது 1833-இல். அதை ஏற்க மறுத்துத் தஞ்சாவூரில் பலர் விலகிப் போனார்கள். அப்போது மார்க்ஸ் பதினைந்து வயதுச் சிறுவன்.

பெரம்பூர் மூப்பர்:
பேராயர் சீர்திருத்தியது சபையை. அரசிடம் மனுக் கொடுக்க அவர் மறியல் செய்யவில்லை. தம்பியின் தந்தைக்கு நேர்ந்தது தவறுதான், அதற்கு மனந்திரும்ப வேண்டியது அந்தச் சபை. ஆனால் நாகமானைப் பற்றிக் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வேப்பேரி வாசகன்:
மனந்திரும்பிய சபை முன்வாசலைத் திறந்திருக்கும். சென்ற மாதம் போனபோதும் அது பூட்டியே கிடந்தது. சாறிபாத் விதவையைக் காட்டி நாகமானுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். ஏசாயா 58:6-க்கு உங்கள் பதில் என்ன?

பெரம்பூர் மூப்பர்:
முதலில் நாகமான்.